2040-இல் நிலவில் இந்தியர்: இஸ்ரோ உண்மையிலேயே ஆள் அனுப்புமா?

மொட்டைமாடி_வானம் (ஈரோடு)
8 செப்டம்பர் 2025, காலை 6.50

நேற்றிரவு கிரகணம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் மாடியில் பதினோரு பேர் இருந்தோம். மேகம் வந்து வந்து மறைத்தாலும், பதினொரு மணிக்கு நிலா முழுக்கச் செம்பு நிறமாக மாறியதை எல்லோரும் பார்த்துவிட்டோம். கீழ்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பாயில் படுத்தபடியே விரல்விட்டு எண்ணிவிட்டுக் கேட்டாள்: "மாமா, 2040-ல எனக்கு 29 வயசு. நம்ம நாட்டுல இருந்து நிலாவுக்கு ஆள் அனுப்புவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நிஜமாவே அனுப்புவாங்களா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ககன்யான் அறிவிப்பு வந்தபோது நானும் கைதட்டினேன். 2022-க்குள் இந்தியர் விண்வெளிக்குப் போவார் என்றார்கள். இப்போது 2027 என்கிறார்கள். அதுவும் பூமியை 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம்தான். நிலா இருப்பது கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால்.

"முடியுமா" என்று நான் கேட்கவில்லை. சந்திரயான்-3 இறங்கிய பிறகு திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. செய்வார்களா, கடைசிவரை விடாமல் செய்வார்களா என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


கணக்குப்பிள்ளை
8 செப்டம்பர் 2025, காலை 9.15

எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்கிறேன். 2040-இல் நடக்காது.

அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பி வந்தது. அதன்பின் ஒரு மனிதர்கூடத் தாழ் வட்டப்பாதையை, அதாவது பூமியை ஒட்டிய சுற்றுப்பாதையை, தாண்டவில்லை. 1989 ஜூலை 20, முதல் காலடியின் இருபதாம் ஆண்டு நாளில், மூத்த புஷ் மீண்டும் நிலவு, பிறகு செவ்வாய் என்றார். நாசா கணக்குப் போட்டது. சுமார் 50,000 கோடி டாலர் வந்தது. நாடாளுமன்றம் கண்டுகொள்ளவே இல்லை. 2004-இல் இளைய புஷ், 2020-க்குள் நிலவு என்றார். 2009-இல் அரசு அமைத்த அகஸ்டின் குழு அதை ஆராய்ந்து, ஆண்டுக்கு இன்னும் 300 கோடி டாலர் தராவிட்டால் எங்கேயும் போக முடியாது என்று எழுதிக் கொடுத்தது. 2010-இல் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதற்குள் 900 கோடி டாலர் செலவாகியிருந்தது. அப்புறம் ஒபாமா 2025-க்குள் ஒரு சிறுகோளுக்கு மனிதர் போவார் என்றார். இது 2025. யாரும் போகவில்லை.

நாசாவின் ஓராண்டு பட்ஜெட் ஏறக்குறைய 2,500 கோடி டாலர், நம் பணத்தில் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நம் விண்வெளித் துறைக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது சுமார் 13,400 கோடி ரூபாய். பதினைந்து மடங்குக்கு மேல் பணமுள்ளவர்களே ஐம்பது வருடம் தடுமாறிய இடம் அது. நான் இஸ்ரோவைக் குறைத்துப் பேசவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.


தேரிக்காடு (திருச்செந்தூர் பக்கம்)
8 செப்டம்பர் 2025, பகல் 1.30

எங்கள் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் கட்டுகிறார்களே, நிலவுக்குப் போகும் ராக்கெட்டும் அங்கிருந்துதான் கிளம்புமா? ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.


வள்ளியூர்க்காரன்
8 செப்டம்பர் 2025, இரவு 9.05

தம்பி தேரிக்காடு, முதலில் உங்களுக்கு. குலசை ஏவுதளம் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கு. அது தூக்குவது 500 கிலோ. துருவப் பாதைக்குப் போகும் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினால், இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்மேல் போய்விடலாம். அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் ஏறும் பெரிய ராக்கெட்டுக்கு ஸ்ரீஹரிகோட்டாதான். அங்கே மூன்றாவது ஏவுதளம் கட்ட இந்த ஜனவரியில் 3,985 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் வந்துவிட்டது.

இனி வானம் கேட்டதற்கு வருகிறேன்.

நான் 22 வருடம் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். ராக்கெட் எஞ்சினுக்குப் போகும் குழாய் இணைப்புகள், வால்வு உடல்கள் இவற்றைக் கடைந்து கொடுப்போம். பெரிய கம்பெனி ஒன்று ஆர்டர் எடுக்கும். அதில் ஒரு துண்டு எங்களுக்கு வரும். எந்த ராக்கெட்டுக்கு என்றுகூடப் பல சமயம் தெரியாது. வரைபடத்தில் இருக்கும் மைக்ரான் அளவு மட்டும் தெரியும்.

அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுண்டு. மேடையில் என்ன பேசினார்கள் என்று பார்க்கக் கூடாது. பட்டறைக்கு ஆர்டர் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆர்டர் என்றால் பின்னால் ஒப்புதல் இருக்கிறது, பணம் இருக்கிறது, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு அதிகாரி இருக்கிறார் என்று பொருள்.

அப்படிப் பார்த்தால் 2023 அக்டோபர் 17 அன்று பிரதமர் சொன்னது, 2035-க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர், இலக்குதான். அதைவிட எனக்கு முக்கியமான நாள் 2024 செப்டம்பர் 18. அன்று ஒரே அமைச்சரவைக் கூட்டத்தில் ககன்யானை விரிவுபடுத்தி விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் அதில் சேர்த்தார்கள். மொத்தம் 20,193 கோடி. நிலவு மண்ணை எடுத்துவரும் சந்திரயான்-4-க்கு 2,104 கோடி. என்ஜிஎல்வி என்ற புது ராக்கெட்டுக்கு 8,240 கோடி. இவை ஆர்டர் ஆகிவிட்டவை.

ஆனால் நிலவில் மனிதரை இறக்கும் திட்டத்துக்கென்று அமைச்சரவை இதுவரை ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்குச் சொல்லக்கூடிய உண்மை இதுதான்: படிக்கட்டு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், மாடிக்கு இன்னும் அனுமதி வாங்கவில்லை.


நிலாச்சோறு
8 செப்டம்பர் 2025, இரவு 9.40

ஐயா, படிக்கட்டு மட்டும் கட்டி என்ன பயன்? ககன்யானும் நிலையமும் பூமியைத்தானே சுற்றப் போகின்றன. நிலவுக்குப் போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. சந்திரயான்-3 போன அதே ராக்கெட்டில் ஆளை உட்காரவைத்து அனுப்ப முடியாதா?


வள்ளியூர்க்காரன்
8 செப்டம்பர் 2025, இரவு 11.20

நல்ல கேள்வி அம்மா. இதில்தான் விஷயமே இருக்கிறது.

சந்திரயான்-3 கிளம்பும்போது மொத்த எடை 3,900 கிலோ. 2023 ஜூலை 14 அன்று கிளம்பி ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. நாற்பது நாள். ஏன் அவ்வளவு நாள்? எல்விஎம்-3 ராக்கெட்டால் அதை நேராக நிலவை நோக்கித் தள்ள முடியாது. அதனால் பூமியை நீள்வட்டத்தில் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஆகஸ்ட் 1 அன்றுதான் நிலவின் பக்கம் திருப்பினார்கள். ஊஞ்சலை உந்தி உந்தி மேலே ஏற்றுவதுபோல. எரிபொருள் மிச்சம், செலவும் குறைவு. மிக அழகான வழி.

ஆளை வைத்து இப்படிச் செய்யக்கூடாது. பூமியைச் சுற்றி வான் ஆலன் பட்டைகள் என்ற கதிர்வீச்சு வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நீள்வட்டச் சுற்றிலும் அதற்குள் புகுந்து வெளியே வர வேண்டும். இயந்திரம் தாங்கும், மனிதரை அதில் இரண்டரை வாரம் உழலவிட முடியாது. அப்போலோ வீரர்கள் சில மணி நேரத்தில் அதைத் தாண்டி, மூன்று நாளில் நிலவை அடைந்தார்கள். அப்படி வேகமாகத் தள்ளப் பெரிய ராக்கெட் வேண்டும். அப்போலோவின் தாய்க்கலமும் இறங்கு கலமும் சேர்ந்து 45 டன்னுக்கு மேல். அதை நிலவின் பக்கம் தள்ளியது சாடர்ன் 5. அதன் எடை ஏறத்தாழ 3,000 டன். நம் எல்விஎம்-3-இன் எடை 640 டன். தாழ் வட்டப்பாதைக்கே சுமார் 8 டன்தான் தூக்கும்.

அதனால்தான் என்ஜிஎல்வி. அது 30 டன் தூக்கும்; உருவாக்க 8 ஆண்டு கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2032. அதற்கும் மேலே, 75 டன்னைத் தாழ் வட்டப்பாதைக்கு ஏற்றும், நாற்பது மாடி உயர ராக்கெட் ஒன்றைப் பற்றி இஸ்ரோ தலைவர் நாராயணன் போன மாதம் ஹைதராபாத்தில் பேசினார். அவர் எங்கள் பக்கத்து மாவட்டக்காரர், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். அவர் சும்மா சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்த ராக்கெட்டுக்கு ஆர்டர் இன்னும் வரவில்லை.

நிலையம் எதற்கு என்று கேட்டீர்கள். ஒரே ராக்கெட்டில் எல்லாவற்றையும் தூக்க முடியாதவர்கள் துண்டு துண்டாக மேலே கொண்டுபோய் இணைக்க வேண்டும். அதற்கு விண்ணில் இரண்டு கலங்களைச் சேர்க்கும் வித்தை கைவர வேண்டும். இந்த ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் என்ற சோதனையில் இரண்டு சின்னச் செயற்கைக்கோள்களை இணைத்துக் காட்டினார்கள். சந்திரயான்-4 இரண்டு ராக்கெட்டில் போய், மேலே ஒன்றுசேர்ந்து, இறங்கி, மண்ணை அள்ளி, மறுபடி மேலேறி, நிலவின் வட்டப்பாதையில் இன்னொரு கலத்தோடு இணைந்து திரும்ப வேண்டும். ஆளை எடுத்துவிட்டால் அப்போலோ செய்ததும் இதுதான். ஆளில்லா ஒத்திகை என்றே அதைச் சொல்லலாம்.


ஹூஸ்டன்_செல்வி
9 செப்டம்பர் 2025, காலை 7.10

கணக்குப்பிள்ளை சொன்ன அமெரிக்கக் கதையில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. நான் இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஜான்சன் விண்வெளி மையத்துக்குக் கூட்டிப் போவேன். அங்கே ஒரு நீளமான கட்டடத்துக்குள் சாடர்ன் 5 படுத்துக் கிடக்கிறது. 110 மீட்டர். பொம்மை இல்லை, பறப்பதற்காகச் செய்த நிஜ அடுக்குகள். அப்போலோ 18, 19, 20 பயணங்களை 1970-இல் ரத்து செய்துவிட்டதால் மிஞ்சிப்போனவை. முதல் தடவை என் அப்பாவைக் கூட்டிப்போனபோது அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பேசாமல் நடந்தார். கடைசியில், "செஞ்சு முடிச்ச பொருளைப் போய் இப்படிப் படுக்க வெச்சுட்டாங்களே" என்றார். விவசாயி. நெல்லை அறுத்துக் களத்திலேயே விட்டதுபோல அவருக்கு வலித்திருக்கிறது. எனக்கும்தான்.

விட்டுப்போன பாதி இது. 2010-இல் நிறுத்திய திட்டத்தில் ஓரையன் என்ற விண்கலம் இருந்தது. 2006-இல் ஒப்பந்தம் போட்டது. ராக்கெட்டும் திட்டத்தின் பெயரும் போய்விட்டன, ஓரையன் பிழைத்துக்கொண்டது. 2010-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் தொடரவைத்தது. 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 என்ற ஆளில்லாப் பயணத்தில் நிலவைச் சுற்றி வந்தது அந்தக் கலம்தான். அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோக், ஜெரமி ஹான்சன் நான்கு பேரும் அதில்தான் நிலவைச் சுற்றிவரப் போகிறார்கள். நான்கு முறை அதிபர் மாறியும் ஒரு கலம் தாக்குப்பிடித்திருக்கிறது. பேச்சைவிடப் பொருளுக்கு ஆயுள் அதிகம் என்பது இங்கே நான் கண்ணால் கண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்ட்டெமிஸ் 1 திரும்பியபோது வெப்பக் கவசத்தில் எதிர்பாராத இடங்களில் கரித்துண்டுகள் பெயர்ந்து போயிருந்தன. உள்ளே வாயு அடைபட்டுக் கவசம் விரிசல் விட்டிருக்கிறது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. நிலவிலிருந்து வரும் கலம் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதும். தாழ் வட்டப்பாதையிலிருந்து வந்தால் அது 8-க்கும் சற்றுக் குறைவு. வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு. ககன்யான் கலத்தை அப்படியே நிலவுக்கு அனுப்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


மட்டுறுத்துநர்
9 செப்டம்பர் 2025, காலை 10.00

எந்த ஆட்சியில் எது நடந்தது என்று கட்சி சார்ந்து எழுதிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நல்ல விவாதம் நடக்கிறது, அதைக் காப்பாற்றுவோம்.


கணக்குப்பிள்ளை
9 செப்டம்பர் 2025, பகல் 12.45

செல்வி அக்கா, அந்த ஓரையன் விஷயத்தை நான் அப்படி யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் அடிப்படைக் கேள்வி வேறு. ஆள் ஏன் போக வேண்டும்? சந்திரயான்-1 நிலவில் நீர் இருப்பதற்கான தடயத்தை ஆளில்லாமல்தான் கண்டது. ஆதித்யா-எல்1 நான்கு மாதத்தில் 15 லட்சம் கிலோமீட்டர் போய் உட்கார்ந்து சூரியனைப் பார்க்கிறது. ஆஸ்ட்ரோசாட் என்ற விண்வெளித் தொலைநோக்கி பத்தாவது ஆண்டிலும் வேலை செய்கிறது. ககன்யானுக்குப் போகும் 20,000 கோடியில் இப்படி எத்தனை செய்யலாம்? சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த சுபான்ஷு சுக்லாவின் பயணத்துக்கு மட்டும் சுமார் 550 கோடி என்கிறார்கள். ஒரு மனிதரை உயிரோடு வைத்திருக்கவே பாதிப் பணமும் பாதி எடையும் போய்விடுகிறது. 1972 ஆகஸ்டில் ஒரு பெரிய சூரியப் புயல் அடித்தது. ஏப்ரலில் அப்போலோ 16 திரும்பிவிட்டது. 17 போனது டிசம்பரில். நடுவில் யாராவது நிலவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் இதைப் பேச வேண்டாமா?


கல்லும்மண்ணும் (சேலம்)
9 செப்டம்பர் 2025, இரவு 8.30

நான் நிலவியல் படித்தவன். இந்த இடத்தில் பேசாமல் இருக்க முடியவில்லை.

சோவியத் லூனா கலங்கள் மூன்று, ஆளில்லாமல் போய் நிலவு மண் எடுத்து வந்தன. மூன்றும் சேர்ந்து சுமார் 300 கிராம். சீனாவின் சாங்-இ 5 கொண்டுவந்தது 1,731 கிராம். போன வருடம் சாங்-இ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம். மிகப் பெரிய சாதனைகள். ஆறு அப்போலோ பயணங்கள் கொண்டுவந்தது 382 கிலோ. எடையை விடுங்கள். அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட் ஒரு நிலவியலாளர். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தவர் காலடியில் ஆரஞ்சு நிற மண்ணைப் பார்த்தார். சாம்பல் நிறம் மட்டுமே உள்ள இடத்தில் ஆரஞ்சு! உடனே நின்று, தோண்டி, எடுத்தார். பழங்கால எரிமலை பீறிட்டபோது தெறித்த கண்ணாடி மணிகள் அவை. பாறையைப் பார்த்துப் பழகிய கண், எங்கே நிற்க வேண்டும் என்று அந்த நொடியில் முடிவு செய்கிறது. அந்த மூன்று நாளில் அவர்கள் வண்டியில் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள். செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 45 கிலோமீட்டர் ஓட 14 வருடம் ஆனது.

களத்தில் சுத்தியலோடு ஒரு நாள் நடந்தவர் யாரும் "ஆள் எதற்கு" என்று கேட்கமாட்டார்.

எங்கள் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளையும் கறுப்பும் கலந்த அனார்த்தசைட். நிலவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் இதே வகைப் பாறைதான். சந்திரயானின் இறங்கு கலத்தையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண் போன்ற மண் வேண்டும் என்றபோது, வெளிநாட்டில் வாங்கினால் செலவு தாங்காது என்று, இங்கிருந்து டன் கணக்கில் பாறையை எடுத்து அரைத்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் உதவியது. ரோவரின் சக்கரம் முதலில் உருண்டது எங்கள் ஊர் மண்ணில்தான். அந்த மண்ணில் ஒரு நாள் பூட்ஸ் காலும் பழக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.


கணக்குப்பிள்ளை
9 செப்டம்பர் 2025, இரவு 9.10

ஆரஞ்சு மண் கதை எனக்குத் தெரியாது. நன்றி. பணத்தைப் பற்றிய என் கவலை போகவில்லை. ஆனால் "எதற்கு" என்ற கேள்வியை இனி இவ்வளவு எளிதாகக் கேட்கமாட்டேன்.


நிலாச்சோறு
10 செப்டம்பர் 2025, காலை 6.20

சீனாக்காரர்கள் 2030-க்குள் என்கிறார்களே, அவர்கள் மட்டும் எப்படிச் சொன்னபடி செய்கிறார்கள்?


வள்ளியூர்க்காரன்
10 செப்டம்பர் 2025, இரவு 10.15

அவர்கள் நடந்த வழியைப் பாருங்கள். 1992 செப்டம்பரில் மனித விண்வெளித் திட்டத்துக்கு ஒப்புதல். 2003 அக்டோபர் 15 அன்று அவர்களின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் போனார், பதினோரு வருடம். விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்தது 2022, முப்பது வருடம். இப்போது நிலவுக்கான இறங்கு கலத்தைப் போன மாதம் தரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். எந்த இடத்திலும் அவசரம் இல்லை. நடுவில் விட்டதும் இல்லை. ஒரு படியில் வேலை செய்த ஆட்களே அடுத்த படிக்கும் போனார்கள்.

நம் ககன்யானுக்கு அரசு பணம் ஒதுக்கியது 2018 டிசம்பரில். 2027-இல் ஆள் போனால் ஒன்பது வருடம். அதைத் தாமதம் என்று எல்லோரும் திட்டுகிறோம். நான் திட்டமாட்டேன். 2022 என்று சொன்னதுதான் தப்பு. உயிர்காப்பு அமைப்பை எந்த நாடும் தராததால் நாமே செய்துகொள்கிறோம் என்று முன்னாள் தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார். காற்று, ஈரம், வெப்பம், கரியமில வாயு எல்லாவற்றையும் ஒரு சின்ன அறைக்குள் சரியாக வைத்திருக்க வேண்டும். இந்த ஜூலையில் எங்கள் மகேந்திரகிரியில் ககன்யான் சேவைப் பகுதியின் உந்து அமைப்பை 350 நொடி எரித்துத் தேர்வு முடித்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று கலத்தை உயரத்திலிருந்து போட்டு பாராசூட்களைச் சோதித்தார்கள். ஆளில்லா முதல் பயணம் இந்த ஆண்டு இறுதியில் என்கிறார்கள். அது கொஞ்சம் தள்ளிப்போனாலும் நான் கவலைப்படமாட்டேன்.

விடாப்பிடி பற்றிக் கேட்டால், கிரையோஜெனிக் கதைதான் என் பதில். 1991-இல் ரஷ்யர்களோடு ஒப்பந்தம். அமெரிக்கா தடை போட்டது. 1993-இல் ரஷ்யர்கள் தொழில்நுட்பம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சில எஞ்சின்களை மட்டும் கொடுத்தார்கள். நாமே செய்யத் தொடங்கினோம். 2010 ஏப்ரலில் நம் சொந்த எஞ்சினோடு கிளம்பிய முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. அன்று எங்கள் பட்டறையில் யாரும் மதியம் சாப்பிடவில்லை. எங்கள் துண்டு அதில் இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது, இருந்தாலும். 2014 ஜனவரி 5 அன்று ஜெயித்தது. இருபது வருடத்துக்கும் மேலே. இன்றைக்கு எல்விஎம்-3-இன் உச்சியில் எரிவது அந்தப் பரம்பரையில் வந்த எஞ்சின்தான். ஆளை ஏற்றிச் செல்லவும் அதற்குத் தகுதி கொடுத்தாயிற்று. இத்தனைக்கும் இடையில் ஆட்சிகள் எத்தனையோ மாறின.

ஆகவே இஸ்ரோ விட்டுவிடும் என்று நான் பயப்படவில்லை. என் பயம் வேறு. ஒரு தடவை எங்கள் பட்டறையில் ஒரு தொகுதி முடித்துக் கொடுத்த பிறகு பதினான்கு மாதம் அடுத்த ஆர்டரே வரவில்லை. ஆர்டர் எடுத்த அந்தப் பெரிய கம்பெனியிடம் கேட்டால் "வரும், வரும்" என்பார்கள். எங்கள் இரண்டு நல்ல டர்னர்கள் திருப்பூரில் பின்னலாடை இயந்திர வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் இருக்கிறது. பிறகு ஆர்டர் வந்தது. வரைபடம் அதே, இயந்திரம் அதே. ஆனால் பத்துக்கு நான்கு ரிஜெக்ட். அந்தக் கை போய்விட்டது. புது ஆட்களின் கை பழக ஒன்றரை வருடம் ஆனது.

நிலவுத் திட்டத்துக்கும் இதேதான். ககன்யான் 2027-இல் ஜெயித்து, எல்லோரும் மாலை போட்டு, அடுத்த ஆர்டருக்கு மூன்று வருடம் யோசித்தார்கள் என்றால் 2040 போச்சு. செல்வி அம்மா சொன்ன சாடர்ன் 5 ஏன் படுத்துக் கிடக்கிறது? அதைச் செய்த கைகள் கலைந்துபோனதால், பிறகு நினைத்தபோது எழுப்ப முடியவில்லை. அந்தப் பெரிய ராக்கெட்டுக்கும், நிலவிலிருந்து திரும்பிவரக்கூடிய வெப்பக் கவசத்துக்கும் 2028-க்குள் பணம் ஒதுக்கினால் நான் நம்புவேன். ஒதுக்காவிட்டால் நம்பமாட்டேன். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.


தேரிக்காடு (திருச்செந்தூர் பக்கம்)
11 செப்டம்பர் 2025, காலை 8.00

ஐயா, குலசையில் இருந்து ஆள் போகாது என்று படித்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. என் தங்கை மகன் ஐடிஐ-யில் டர்னர் படிக்கிறான். உங்கள் பதிவை அவனுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று தடவை படித்தானாம்.


ஹூஸ்டன்_செல்வி
11 செப்டம்பர் 2025, இரவு 9.50

வானம், அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ககன்யானுக்குத் தேர்ந்தெடுத்த நான்கு பேருமே விமானப்படைச் சோதனை விமானிகள். பிரசாந்த் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. பெண் ஒருவரும் இல்லை. ஆளில்லாப் பயணத்தில் போகப் போவது வியோமித்ரா, பெண் உருவத்தில் செய்த ரோபோ. அதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிறது. பெண் விமானிகளையோ பெண் விஞ்ஞானிகளையோ பின்னால் சேர்க்க விரும்புவதாகச் சோமநாத் 2023-இல் சொன்னார். அடுத்த தொகுதிக்கு ஆள் எடுக்கும்போது விஞ்ஞானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவு திறக்க வேண்டும். அந்தக் கதவு திறக்காவிட்டால் 2040-இல் இந்தியா போனாலும் அவள் போக முடியாது. "நிஜமாவே அனுப்புவாங்களா" என்று அவள் கேட்டதில் இதுவும் அடங்கியிருக்கிறது.


மொட்டைமாடி_வானம் (ஈரோடு)
12 செப்டம்பர் 2025, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அவளைக் கூப்பிட்டு, இந்த இழையில் படித்ததை என்னால் முடிந்தவரை சொன்னேன். எதற்குப் பணம் ஒதுக்கியாயிற்று, எதற்கு இன்னும் இல்லை, ராக்கெட் எவ்வளவு தூக்க வேண்டும், பெண்களை ஏன் இன்னும் எடுக்கவில்லை, எல்லாம். "நிச்சயம் போவோம்" என்று சொல்லவில்லை. "இன்னும் முடிவாகவில்லை, ஆனால் அதற்கு வேண்டிய வேலை நடக்கிறது" என்றேன்.

முகம் வாடுமோ என்று பார்த்தேன். வாடவில்லை. ஆரஞ்சு மண்ணைப் பற்றி மட்டும் நாலு தடவை கேட்டாள். அவர் விமானியா, கல் படித்தவரா என்று கேட்டாள். கல் படித்தவர், பிறகு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார் என்றேன். அப்படியா என்று போய்விட்டாள். இன்று காலை அவள் அம்மா வந்து, சித்தம்பூண்டி எங்கே இருக்கிறது, பஸ் போகுமா என்று கேட்கிறார்.


கல்லும்மண்ணும் (சேலம்)
12 செப்டம்பர் 2025, இரவு 8.40

கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு 14-ஆம் தேதி எனக்கு வேலை இல்லை. ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் பரமத்தி வேலூர் வந்துவிடுங்கள். அங்கிருந்து என் வண்டியில் போகலாம். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழரைக்குள் வந்தால் நல்லது. தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு. சுத்தியலும் கைலென்சும் நான் கொண்டுவருகிறேன். தனியார் நிலம் கொஞ்சம் வரும். தெரிந்தவர்கள்தான், முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.


வள்ளியூர்க்காரன்
12 செப்டம்பர் 2025, இரவு 9.25

ஒரு சின்னத் துண்டு எனக்கும் எடுத்து வையுங்கள் தம்பி. தபால் செலவு நான் தருகிறேன்.